தாலிக்குள் ஒளிந்த கூலி

என் வகுப்பில் மற்றவர்களைவிட மூன்று வயது மூத்தவளாக ஒரு மாணவி சேர்ந்தாள். பிளஸ் டூ முடித்த பின் என்ன செய்தாய் என்று கேட்டேன். “ஸ்கீமுக்குப் போயிருந்தேன் மேடம்.” “வேலைக்கா?” “இல்ல மேடம், ஸ்கீமுக்கு.” மூன்று ஆண்டுகள் இரவும் பகலும் ஷிப்ட் மாறி மாறி நூற்பாலையில் அறுந்த நூலை ஒட்டியவள், அதை வேலை என்று சொல்லவில்லை. தமிழ் கற்பிக்கும் எனக்கு அந்த விடுபட்ட சொல் உறுத்தியது.

திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு நூல் கொடுக்கும் கோவை, திண்டுக்கல் பகுதி ஆலைகளில் பரவியது ‘சுமங்கலித் திட்டம்’. புரோக்கர் கிராமத்துக்கு வருவார். பெரும்பாலும் மூன்று ஆண்டுகள். ஆலை வளாகத்துக்குள்ளேயே விடுதி. மாதம் கொஞ்சம் பணம். முடிவில் திருமணத்துக்கென்று மொத்தத் தொகை. இடையில் விட்டுப் போனால் அந்தத் தொகை கைக்கு வருவது அரிது. போனவர்களில் பலர் தலித் வீட்டுப் பெண்கள், பதினெட்டு நிரம்பாதவர்களும் உண்டு. நெதர்லாந்தின் சோமோ, ஐ.சி.என். அமைப்புகள் 2011-இல் வெளியிட்ட அறிக்கை இதை உலகச் சந்தையின் முன் வைத்தது. அதன்பின் ஆலைகள் அந்தப் பெயரைத் தவிர்க்கத் தொடங்கின.

பெயர் போனாலும் அது செய்த காரியத்தை நாம் படிக்க வேண்டும். சுமங்கலி என்றால் கணவன் உயிரோடு இருப்பவள். திருமணமே ஆகாத பெண்ணை, அவள் இன்னும் பார்த்திராத ஒருவனைக் கொண்டு பெயரிட்டார்கள். பெயர் மாறியதும் கணக்கும் மாறியது. மாதாமாதம் தர வேண்டிய கூலியின் பகுதி, பிடித்து வைக்கப்பட்டு, முதலாளி மனமுவந்து தரும் சீர் ஆனது. வரதட்சணையை 1961-லேயே சட்டம் தடை செய்துவிட்டது. இங்கோ அதுவே வேலைக்கு ஆள் சேர்க்கும் விளம்பரம். ஆலையின் பதிவேட்டில் அவள் ‘பயிலுநர்’, வெளியே ‘மணமகள்’. இரண்டுக்கும் நடுவில் தொழிலாளி காணாமல் போனாள். தொழிலாளி இல்லாத இடத்தில் சங்கம் ஏது, ஓவர்டைம் ஏது?

இயந்திரம் வந்தால் பழைய குடும்பம் உடையும், பெண் விடுபடுவாள் என்று பாடப்புத்தகம் சொல்கிறது. அது பாதி உண்மை. அமெரிக்காவின் லோவல் நகர ஆலைகளுக்கும் விவசாயக் குடும்பத்து இளம்பெண்கள்தான் போனார்கள். அங்கும் கம்பெனி விடுதி, அங்கும் இரவில் கதவடைப்பு. ஆனால் 1834-இல் கூலியைக் குறைத்தபோதும், 1836-இல் விடுதிக் கட்டணத்தை ஏற்றியபோதும் அவர்கள் வேலையை நிறுத்தி வெளியே வந்தார்கள். செய்த வேலைக்கான கூலி அவ்வப்போது அவர்கள் கைக்கு வந்தது. நம் பெண்களின் கூலியோ மூன்றாம் ஆண்டின் கடைசி நாளில் கட்டிப் போடப்பட்டிருந்தது. வெளியே வந்தால் அத்தனையும் போகும். தொழில்மயம் ஆணாதிக்கத்தை உடைக்கவில்லை. அதை வாடகைக்கு எடுத்துக்கொண்டது. தகப்பனின் அதிகாரம் விடுதி வார்டனுக்குக் கைமாறியது.

புறநானூறு நூற்கும் பெண்ணைப் ‘பருத்திப் பெண்டு’ என்கிறது. அவள் வாழ்வு சுகமானது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அவளுக்குப் பெயர் அவள் கைவேலையிலிருந்து வந்தது.

இந்தப் பெண்களை ஏமாந்தவர்கள் என்று மட்டும் எழுதிவிடுவதும் ஒரு வகை அவமதிப்பு. என் மாணவி அந்தத் தொகையைத் தாலியாக்கவில்லை. “வீட்டுல சண்டை போட்டு ஃபீஸ் கட்டினேன் மேடம்” என்றாள். 2021 ஜனவரியில் திண்டுக்கல் வட்டாரத்தில் ஓர் ஆயத்த ஆடை ஆலையின் தலித் பெண் தொழிலாளி கொல்லப்பட்ட பின், பெண்கள் தலைமையேற்று நடத்தும் தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் விடாமல் போராடியது. 2022 ஏப்ரலில், பாலியல் வன்முறைக்கு எதிரான திண்டுக்கல் ஒப்பந்தத்தில் பன்னாட்டு நிறுவனத்தைக் கையெழுத்திட வைத்தது. அங்கே அவர்கள் பேசியது தொழிலாளிகளாக.

சென்ற மாதம் அவள் ஒரு விண்ணப்பத்தோடு வந்தாள். ‘முன் அனுபவம்’ என்ற இடம் காலியாக இருந்தது. “நூற்பாலைத் தொழிலாளி, மூன்று ஆண்டுகள்னு எழுது” என்றேன். கொஞ்சம் யோசித்து எழுதினாள். பிறகு கேட்டாள்: “சர்டிபிகேட் கேட்டா என்ன மேடம் காட்டுறது?”

என்னிடம் பதில் இல்லை.