கூரைக்குக் கொடுப்பவர் யார்?

புதுக்கோட்டையிலிருந்து மணப்பாறைக்குப் போகும் சாலையில் இருக்கிறது குடுமியான்மலை. இசைக் கல்வெட்டு என்ற ஒன்றே அந்த ஊரின் பெயரை உலகுக்குச் சொல்லிவிட்டது. ஆனால் சிகாநாதசுவாமி கோயிலில் நூற்றுக்கும் மேற்பட்ட கல்வெட்டுகள் உள்ளன. அவற்றில் பல, கணக்குப் புத்தகத்தின் பக்கங்களைப் போன்றவை. யார் கொடுத்தார், என்ன கொடுத்தார், எதற்காகக் கொடுத்தார் என்று அவை சொல்கின்றன. 13ஆம் நூற்றாண்டில் பாண்டியர் ஆட்சியில் கோயில் புதுப்பிக்கப்பட்டபோது தனி ஆட்கள், ஊர்ச் சபைகள், நாட்டார், வணிகக் குழுக்கள் எனப் பல தரப்பினரும் பொருள் தந்திருக்கிறார்கள். அங்குள்ள அம்மன் சன்னதி ஒன்றை எழுப்பியவர் உமையாள்வி நாச்சி என்ற தேவரடியார். அரசன் ஒருவனே கருவூலத்தைத் திறந்து முடித்துவைத்த வேலை அல்ல அது. ஊர் கூடிச் செய்த திருப்பணி.

அந்த வழக்கம் இன்று அதே புதுக்கோட்டை மாவட்டத்தின் மாதா கோயில்களிலும் சிஎஸ்ஐ ஆலயங்களிலும் வேறு பெயர்களில் உயிரோடு இருக்கிறது. ஆவூர்ப் பெரியநாயகி அன்னை ஆலயம் 18ஆம் நூற்றாண்டுக் கட்டடம். அந்த அளவு பழமை இல்லாவிட்டாலும் 80, 100 வயதைக் கடந்த ஆலயங்கள் தமிழ்நாடு முழுக்க நூற்றுக்கணக்கில் உண்டு. மழைக்காலத்தில் ஒரு மூலையில் ஒழுகத் தொடங்கும். கமிட்டி கூடும். ‘கட்டட நிதி’ என்று தனி உறை அச்சாகும். பலிபீடத்துக்கு ஒருவர், ஜன்னலுக்கு ஒருவர், மின்விசிறிக்கு ஒருவர் என உபயம் பிரியும். அறுப்பின் பண்டிகையில் வாழைத்தாரும் சேவலும் ஏலத்தில் விலையைப் போல் பல மடங்குக்குப் போகும். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு வாட்ஸ்அப்பில் வரைபடம் போகும். இரண்டு மூன்று வருடத்தில் ஆயரோ பேராயரோ வந்து பிரதிஷ்டை அல்லது அர்ச்சிப்பு நடத்துவார். வாசலில் ஒரு கல்வெட்டு பதிக்கப்படும்.

இந்த முறையை நான் உயர்வாகவே மதிக்கிறேன். தமிழ்நாட்டின் பழைய ஆலயங்களில் பெரும்பகுதி மிஷன் பணத்தில் கட்டப்பட்டவை. அந்தப் பணம் வற்றிய பிறகு அவற்றைத் தூக்கி நிறுத்தியவர்கள் உள்ளூர்ச் சபையார்தான். கட்டியவர் ஒருவர், காப்பவர் இன்னொருவர் என்ற நிலையில், மராமத்துக்குக் கொடுத்த காசினால்தான் அந்தக் கட்டடம் மெய்யாகவே சபைக்குச் சொந்தமானது. திருநெல்வேலிப் பக்கம் தினமும் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனியே சேர்த்து, வாரக் கடைசியில் ஆலயத்துக்குக் கொடுக்கும் பழக்கம் இருந்தது. கையில் காசே புழங்காத ஒரு பெண்ணால் யாரையும் கேட்காமல் கொடுக்க முடிந்த பங்கு அது. இடையன்குடியில் மிஷனரி கால்டுவெல் 1847இல் தொடங்கிய ஆலயம் 1880இல்தான் முடிந்தது. 33 ஆண்டுகள். அவசரமாக முடிக்காததால்தான் அது இன்றும் நிற்கிறது என்று சொல்ல நான் துணிவேன். பணம் வந்த அளவுக்கு வேலை, வேலை நடந்த அளவுக்கு அடுத்த வசூல் என்று போகும்போது அஸ்திவாரம் இறுகவும் சுவர் காயவும் காலம் கிடைக்கிறது.

இன்னொரு நன்மையும் உண்டு. தன் பணம் போட்டவர் கேள்வி கேட்பார். ‘அந்தத் தேக்கு உத்திரம் எங்கே போச்சு?’ என்று பொதுக்கூட்டத்தில் எழுந்து கேட்கும் ஒரு முதியவரின் கண்காணிப்பை எந்தத் தணிக்கையாளரும் தர முடியாது.

குறை எங்கே வருகிறது என்றால், இந்தப் பணம் கண்ணுக்குத் தெரியும் இடத்துக்கே ஓடுகிறது. பெயர் பொறிக்க இடமுள்ள பொருளுக்குக் கொடுப்பவர் எளிதில் கிடைக்கிறார். கோபுரம், முகப்பு ஆர்ச், கிரானைட் தரை, ஃபால்ஸ் சீலிங், ஒலிபெருக்கி ஆகியவற்றுக்கு ஆள் உண்டு. மழைநீர் வடிகுழாயில் யார் பெயரைப் பொறிப்பது? சுவர் இடுக்கில் முளைத்த அரசங்கன்றை வேரோடு எடுக்கவும், மொட்டைமாடித் தளத்தின் விரிசலை அடைக்கவும், கரையான் தின்ற உத்திரத்தின் முனையை மாற்றவும் உபயதாரர் முன்வருவதில்லை. ஆனால் ஒரு கட்டடத்தை நிற்கவைப்பவை இவைதான்.

பழைய ஏற்பாட்டிலேயே இதற்கு ஒரு பாடம் இருக்கிறது. 2 இராஜாக்கள் 12ஆம் அதிகாரத்தில் யோவாஸ் அரசன் ஆலயத்தைப் பழுதுபார்க்கச் சொல்லிக் காணிக்கை வாங்கும் பொறுப்பை ஆசாரியர்களிடம் விடுகிறான். அவன் ஆட்சியின் 23ஆம் ஆண்டு வரைக்கும் வேலை நடக்கவில்லை. அப்புறம் ஆசாரியரான யோய்தா ஒரு பெட்டியின் மூடியில் துளையிட்டுப் பலிபீடத்தின் அருகே வைக்கிறார். அரசனின் எழுத்தரும் பிரதான ஆசாரியரும் சேர்ந்து எண்ணுகிறார்கள். பணம் நேராகத் தச்சர்களுக்கும் கொத்தர்களுக்கும், மரத்துக்கும் கல்லுக்கும் போகிறது. அந்தப் பணத்தில் வெள்ளிக் கிண்ணமோ எக்காளமோ செய்யப்படவில்லை என்பதை அந்த அதிகாரம் குறிப்பாகப் பதிவு செய்கிறது. 2 நாளாகமம் 24, வேலை முடிந்த பின் மிஞ்சிய பணத்தில்தான் பாத்திரங்கள் செய்யப்பட்டன என்கிறது. முதலில் சுவர், பிறகு வெள்ளி. நிதி திரட்டும் ஒவ்வொரு கமிட்டியும் இந்த வரிசையைத் தீர்மானப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளலாம்.

வரிசை மாறினால் என்ன ஆகும் என்பதைப் பார்க்க விரும்புபவர், புதுப்பித்து ஐந்தாறு வருடம் ஆன ஒரு பழைய ஆலயத்தின் உட்சுவரில் தரையிலிருந்து மூன்றடி உயரம் வரை கையால் தடவிப் பார்க்கட்டும். பெயிண்ட் கொப்புளித்திருக்கும். விரலால் தொட்டால் பொரிந்து உதிரும். உள்ளே வெள்ளைத் தூளாக உப்புப் பூத்திருக்கும். காரணம் எளிது. அந்தச் சுவர் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் சேர்த்துக் கட்டியது. சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை வெளியே விடும். நிலத்திலிருந்து ஏறும் ஈரம் அதன் வழியே ஆவியாகிவிடும். ‘பளிச்சென்று இருக்கட்டும்’ என்று அதன்மேல் சிமெண்ட் பூசி, எனாமல் பெயிண்டும் அடித்தால் ஈரத்துக்கு வழியில்லை. அது சுவருக்குள்ளேயே மேலே ஏறுகிறது, கரைந்த உப்பைக் கூடவே கொண்டுபோகிறது, காயும் இடத்தில் செங்கல்லையே அரிக்கிறது. தரைக்கு டைல்ஸ் ஒட்டியிருந்தால் நிலைமை இன்னும் மோசம். தரை வழியே வெளியேறியிருக்க வேண்டிய ஈரமும் சுவருக்குத்தான் திரும்பும். சபையார் மனமுவந்து கொடுத்த லட்சங்கள் கட்டடத்தின் ஆயுளைக் குறைத்துவிட்டன என்பது கசப்பான உண்மை. கொடுத்தவர்கள்மேல் இதில் பிழையில்லை. கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரில் சுண்ணாம்பைக் குழைத்துப் பூசத் தெரிந்த கொத்தனார்கள் பக்கத்துச் செட்டிநாட்டிலேயே இருக்கிறார்கள். கமிட்டி கூப்பிடுவதோ நகரத்துக் கான்ட்ராக்டரை. அவருக்கு எலிவேஷன் வரையத்தான் தெரியும்.

2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் புதுக்கோட்டை மாவட்டத்தைச் சூறையாடியது. கூரை பறந்த பிறகு உதவி ஓடிவரும். கூரையின் பிணைப்புகளை முன்கூட்டியே இறுக்கக் கேட்டால் வராது. இது நம்மூர் மக்களின் குணம் மட்டுமல்ல. பாரிஸ் நோத்ருதாம் பேராலயம் 2019 ஏப்ரல் 15 அன்று எரிவதற்கு முன்பே சிதைந்துகொண்டிருந்தது. 2017இல் அதற்காக நிதி கேட்டு அழைப்பு விடுக்கப்பட்டும் தேவையான தொகை சேரவில்லை. தீப்பிடித்த பிறகு 150 நாடுகளிலிருந்து ஏறத்தாழ 3,40,000 பேர் 84 கோடி யூரோவுக்கு மேல் கொடுத்தார்கள். 2024 டிசம்பரில் ஆலயம் மீண்டும் திறந்தபின் மிஞ்சிய பணம், முன்பு நிதி கிடைக்காமல் கிடந்த வெளிப்புற மராமத்துக்கு ஒதுக்கப்பட்டது. ஆபத்து கண்ணில் பட்டால்தான் கை பையைத் தேடுகிறது.

அடுத்த குறை இன்னும் நுட்பமானது, எனக்கு இதுவே அதிகம் வலிப்பது. பல சபைகளில் கட்டட நிதி குடும்பத்துக்கு இவ்வளவு என்று நிர்ணயமாகிறது. நூறு நாள் வேலைக்குப் போகும் விதவைக்கும், அரசு வேலையில் இருவர் இருக்கும் வீட்டுக்கும் ஒரே தொகை. பாக்கி நின்றால், மகளுக்குத் திருமண ஓலை வாசிக்க வேண்டிய நாளில் அந்தக் கணக்கு எடுக்கப்படும். காணிக்கையாகத் தொடங்கியது வரியாக முடிகிறது. மறுபக்கம், பெரிய தொகை தருபவர் வடிவத்தையும் முடிவு செய்கிறார். அவர் சிங்கப்பூரில் பார்த்த கண்ணாடி முகப்பு, இங்கே மேற்கு வெயிலில் ஆலயத்தை அடுப்பாக்கும். வாரம் தவறாமல் உள்ளே உட்கார்ந்து வேர்க்கப்போவது கொடுத்தவர் அல்ல. கல்வெட்டில் பெயர்கள் தொகை வரிசையில் இறங்கும்போது, ஒரே அப்பத்தில் பங்குபெறும் சபை பணத்தால் படிநிலைகளாகப் பிரிகிறது. சில ஆலயங்களில் தனிப்பெயர்கள் இல்லாமல் ‘சபையார்’ என்று மட்டும் பொறிக்கிறார்கள். வசூல் சற்றே குறையலாம். நான் அதன் பக்கமே நிற்பேன்.

‘வெளியிலிருந்து பணம் வாங்கினால் இந்தத் தொல்லை இல்லையே’ என்பாரும் உண்டு. வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தின் 2020 திருத்தத்துக்குப் பின் வெளிநாட்டு நன்கொடை டெல்லியில் உள்ள பாரத ஸ்டேட் வங்கிக் கிளைக் கணக்கு ஒன்றின் வழியாகத்தான் வர முடியும். பதிவும் வேண்டும். இந்தியக் குடியுரிமையோடு துபாயில் வேலை செய்பவர் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அவரே கனடாக் குடியுரிமை பெற்றுவிட்டால் ஆகும். இந்த வேறுபாடு தெரியாமல் வரைபடத்தை எல்லோருக்கும் அனுப்பும் பொருளாளர்கள் சிக்கலில் மாட்டக்கூடும். மாநில அரசு 2016-17இல் தேவாலயச் சீரமைப்புக்கு மானியம் தொடங்கியது. கட்டடத்தின் வயதைப் பொறுத்து 1, 2, 3 லட்சம் ரூபாய் என்று அப்போது நிர்ணயித்தார்கள். பிற்பாடு தொகை உயர்ந்தது. சொந்தக் கட்டடம், பதிவு, வெளிநாட்டு நிதி பெறாமை ஆகியவை நிபந்தனைகள். கேட்டுப் பெற வேண்டிய உதவிதான், ஆனால் பெரிய ஆலயத்தின் தேவைக்குமுன் அது சிறிது. வருமான வரிச் சட்டத்தின்படி, வரலாற்று முக்கியத்துவம் உள்ளதாக மத்திய அரசு அறிவித்த கோயில், மசூதி, தேவாலயத்தின் மராமத்துக்குக் கொடுத்தால் வரிச்சலுகை உண்டு. அந்த அறிவிப்பைப் பெற முயன்று பார்க்கும் சபைகள் மிகக் குறைவு. ஆகவே எந்த வழியில் போனாலும் பாரம் பெரும்பாலும் சபையார் தோளுக்கே திரும்பும். அதனால்தான் அவர்கள் முறை சரியாக இருக்க வேண்டும் என்கிறேன்.

குடுமியான்மலை வட்டாரத்துப் பழைய கொடைகளில் எனக்குப் பிடித்த அம்சம், அவை பொருளோடு பொறுப்பையும் சேர்த்து எழுதின என்பது. சோழ, பாண்டியர் காலக் கோயில்களில் ஒரு விளக்கு அணையாமல் எரிய 90 அல்லது 96 ஆடுகள் விடப்படும். அவற்றைப் பெற்றுக்கொண்டவர் எண்ணிக்கை குறையாமல் பேணி, நாள்தோறும் நெய் அளக்க வேண்டும். முதல் கரையக் கூடாது என்பதே அதன் கட்டளை. இன்றைய கட்டட நிதியில் அர்ச்சிப்பு விருந்தோடு கணக்கு முடிந்துவிடுகிறது. மறுநாள் முதல் பராமரிப்புக்கு ஒரு ரூபாய்கூட ஒதுங்குவதில்லை. திரட்டும் தொகையில் பத்தில் ஒரு பங்கை நிரந்தர வைப்பாகப் போட்டு, அதன் வட்டியில் ஒவ்வொரு ஐப்பசிக்கு முன்பும் கூரையும் வடிகாலும் சுத்தம் செய்தால், இருபது வருடத்துக்கு ஒருமுறை பெரிய வசூலுக்கு இறங்க வேண்டியிருக்காது.

அதைவிட முக்கியம், உறை அச்சடிக்கும் முன்னே பழைய கட்டடங்களை அறிந்த பொறியாளரை வரவழைத்து எழுத்தில் அறிக்கை வாங்குவது. இப்போது நடப்பது தலைகீழ். பணம் சேர்ந்த பிறகு, சேர்ந்த தொகைக்கு ஏற்ப ஆசை வளர்ந்து, ‘இதை இடித்துவிட்டுப் புதிதாகவே கட்டிவிடலாமே’ என்று பேச்சு திரும்புகிறது. நூறு வருடச் சுண்ணாம்புச் சுவர் ஒரே வாரத்தில் ஜேசிபியின் கீழ் தரைமட்டமாகிறது. மராமத்துக்கு என்று கொடுத்தவரிடம் இடிக்கச் சம்மதம் யாரும் கேட்பதில்லை. குடும்பங்கள் பெருகி இடம் போதவில்லை என்பது நியாயமான காரணமாக இருக்கலாம். அப்படியானால் அதையும் வசூலுக்கு முன்பே பொதுக்கூட்டத்தில் வைக்கட்டும். வளாகத்தில் நிலம் இருந்தால் புதியதைப் பக்கத்தில் எழுப்பி, பழையதை வாரநாள் செபத்துக்கும் ஞாயிறு பள்ளிக்கும் விடலாம். நிலம் இல்லாத இடத்தில், இடிப்பதா காப்பதா என்று கல்லறைத் தோட்டத்தில் முன்னோர் உள்ள ஒவ்வொரு குடும்பமும் வாக்குச்சீட்டுப் போட்டுச் சொல்லட்டும்.