சினாலஜி டிஎஸ்224 பிளஸ்: போனதைத் திருப்பித் தருமா?

ஏழெட்டு கம்ப்யூட்டர், டாலி, ஸ்கேன் செய்த பில்கள், ஜிஎஸ்டி கோப்புகள். இப்படி ஓடும் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் பேக்கப்புக்காக வைத்துப் பார்த்த நாஸ், அதாவது நெட்வொர்க்கில் இணையும் சேமிப்புப் பெட்டி, இது. 2023-இல் வந்த மாடல். இரண்டு ஹார்ட் டிஸ்க் போடலாம். டிஸ்க்கைத் தனியாக வாங்க வேண்டும். 4 டிபி டிஸ்க் இரண்டைப் போட்டு ரெய்டு 1 (இரண்டிலும் ஒரே தரவு) அமைத்தால் கிடைக்கும் இடம் 4 டிபிதான்.

ரெய்டு இருந்தால் பேக்கப் வேண்டாம் என்று நம்புகிறவர்கள் இன்றும் நிறைய. ஒரு டிஸ்க் பழுதானால் மற்றது வேலையை ஓட்டும், அவ்வளவுதான். கோப்பை யாராவது அழித்தால் இரண்டிலும் சேர்ந்தே அழியும். ரான்சம்வேர் பூட்டினால் இரண்டிலும் பூட்டும். இந்தப் பெட்டியின் உண்மையான பலம் அதனுடன் இலவசமாக வரும் 'ஆக்டிவ் பேக்கப் ஃபார் பிசினஸ்' மென்பொருள். முதல் முறை கம்ப்யூட்டர் முழுவதையும் நகலெடுக்கிறது, பிறகு மாறிய பகுதிகளை மட்டும். பேக்கப் ஃபோல்டரை எந்த கம்ப்யூட்டரிலும் நெட்வொர்க் டிரைவாக இணைக்கத் தேவையில்லை. கம்ப்யூட்டருக்குள் புகுந்த வைரஸ் அதை எளிதில் எட்டாது.

சோதனைக்காக டாலியின் ஒரு கம்பெனி ஃபோல்டரை அழித்தேன். 10001 என்பது போல எண்ணே பெயராக இருக்குமே, அது. பிரவுசரில் மீட்புப் பக்கத்தைத் திறந்து, முந்தின இரவின் பிரதியைத் தேர்ந்தெடுத்துத் திருப்பினேன். கம்பெனி திறந்தது, அன்று காலை போட்ட வவுச்சர்கள் மட்டும் இல்லை. டாலி கம்ப்யூட்டருக்கு மதியமும் ஒரு பேக்கப் வைப்பது அவசியம்.

முழு கம்ப்யூட்டரையும் மீட்கத் தனி பென்டிரைவ் தயாரிக்க வேண்டும். அதில் பூட் செய்து, நாஸின் ஐபி முகவரியும் பாஸ்வேர்டும் கொடுத்தால் தேதிவாரியாகப் பிரதிகள் வரும். உங்கள் மதர்போர்டின் நெட்வொர்க் டிரைவரை பென்டிரைவில் முன்பே சேர்த்துவிடுங்கள். அது இல்லையென்றால் நாஸ் தெரியவே தெரியாது.

குறை என்றால் வேகம். நெட்வொர்க் போர்ட் இரண்டும் 1 ஜிகாபிட்தான். நொடிக்கு 110 எம்பி வந்தாலே பெரிது. 500 ஜிபியை மீட்க ஒன்றேகால் மணி நேரமாவது ஆகும். 2.5 ஜிகாபிட் கொடுத்திருக்க வேண்டும்.

பெட்டியே திருடு போனால்? தீப்பிடித்தால்? புகைப்படக் கலைஞர் பீட்டர் க்ரோக் பரப்பிய 3-2-1 கணக்கு இங்கே கைகொடுக்கும்: 3 பிரதிகள், 2 வகை சேமிப்பு, 1 வேறிடத்தில். பொது ஃபோல்டரையும் டாலி பேக்கப் கோப்புகளையும் 'ஹைப்பர் பேக்கப்' மூலம் பாஸ்வேர்டு பூட்டுடன் வெளி டிஸ்க்கில் எடுத்து, முடிந்ததும் கழற்றி வீட்டில் வையுங்கள். யூபிஎஸ்-ஐ யூஎஸ்பி வழியாக இணைத்தால் மின்தடையில் நாஸ் தானே முறையாக அணைந்துகொள்ளும்.

பத்து கம்ப்யூட்டர் வரை உள்ள அலுவலகத்துக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். வாங்கிய வாரமே ஒரு காலி எஸ்எஸ்டியில் ஒரு கம்ப்யூட்டரை முழுதாக மீட்டுப் பாருங்கள்.