டில்டிங் கிரைண்டருக்கு ஓர் இடம்

வீட்டைப் புதுப்பிக்கும் வேலை தொடங்கியதும் முதலில் காலியாவது அடுப்படிதான். மேடையை இடிக்க வேண்டும், கடப்பைக்கல் அலமாரியைப் பெயர்க்க வேண்டும் என்று மேஸ்திரி சொன்ன மறுநாளே அங்கிருந்த சாமான்கள் திண்ணைக்கு வந்துவிடும். அங்கே ஒரு பாகப்பிரிவினை நடக்கிறது. பித்தளை அண்டாவும் செம்புத் தவலையும் புளி போட்டுத் தேய்க்கப்பட்டு, புதுக் கூடத்தின் கண்ணாடி அலமாரிக்குப் போகின்றன. ஆட்டுக்கல் வாசலில் பூந்தொட்டிக்குப் பக்கத்தில் உட்காருகிறது. முப்பது நாற்பது ஆண்டுகளாக அந்த வீட்டுக்கே மாவரைத்துத் தந்த கிரைண்டரும், கனத்த பழைய மிக்ஸியும் காயலான் கடைக்காரரின் தராசுக்குப் போகின்றன. கையால் இயங்கிய பழம்பொருள் நம் கண்ணுக்குக் கலையாகத் தெரிகிறது. நேற்று வாங்கியது வசதியாகத் தெரிகிறது. இடையில் வந்த முதல் தலைமுறை மின்சாதனங்கள் இரண்டு கணக்கிலும் சேரவில்லை. நம் ரசனை ஒரு தலைமுறையைத் தாண்டிக் குதித்துவிட்டது என்பதும், அந்தத் தலைமுறையில்தான் தமிழ் அடுப்படியின் மிகத் தேர்ந்த வடிவமைப்பு நடந்தது என்பதும் இந்தக் கட்டுரையின் வாதம்.

திருத்தணிக்கு மேற்கே, ஆர்.கே.பேட்டையை அடுத்த அம்மையார்குப்பத்தை முன்வைத்து இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அது நெசவூர். முன்கூடத்தில் தறி, பின்கட்டில் அடுப்படி என்பது நெசவாளர் வீட்டின் பழைய அமைப்பு. கைத்தறி குறைந்து விசைத்தறி பெருகியபோது அந்த அமைப்பு கலைந்தது. தறிக்குழி மூடப்பட்டு அதன்மேல் டைல்ஸ் வந்தது. ஆனால் தறியோடு வாழ்ந்தவர்களுக்கு ஒரு பார்வை பழகியிருக்கும். கைத்தறியில் ஒளிந்த பாகம் எதுவும் கிடையாது. மிதியை அழுத்தினால் விழுது ஏறி இறங்குவது தெரியும், நாடா ஓடுவது தெரியும், அறுந்த இழை எங்கே என்பதும் தெரியும். எந்தப் பாகம் எதற்கு என்று பார்த்ததுமே சொல்லிவிடலாம்; கழற்றலாம், முடியலாம், மாற்றலாம். ஒரு கருவியின் அழகு எங்கே இருக்கிறது என்று கேட்டால், நெசவாளரின் கண் சொல்லும் இந்தப் பதிலைத்தான் நானும் சொல்வேன்: அதன் வேலை வெளியே தெரிய வேண்டும், அதைத் திறக்க முடிய வேண்டும். இந்த அளவுகோலை எடுத்துக்கொண்டு திண்ணையில் கிடக்கும் அந்தக் கிரைண்டரைப் பார்ப்போம்.

கையால் ஆட்டும் ஆட்டுக்கல்லில் குழி நிற்கும், குழவி சுற்றும். அதே அசைவை இயந்திரத்துக்குக் கொடுக்க வேண்டுமானால் கனத்த குழவியை மேலிருந்து ஓர் இயந்திரக் கை பிடித்துச் சுழற்ற வேண்டும். மாவை அள்ளும்போதெல்லாம் அது குறுக்கே நிற்கும். கிரைண்டர் இந்தக் கணக்கைத் தலைகீழாகப் புரட்டியது. குழி சுற்றட்டும், குழவி நிற்கட்டும் என்றது. இந்தக் கருவியை 1955-இல் கோயம்புத்தூரில் பி. சபாபதி உருவாக்கினார். அடியில் மோட்டார், பெல்ட், புல்லி. மேலே கல் பதித்த பாத்திரம் சுற்றும். குழவியை ஒரு பிடி ஓரமாக நிறுத்தி வைக்க, பாத்திரம் சுற்றுகிற உராய்வில் அது தானாகத் தன்னைச் சுற்றிக்கொள்ளும். ஆட்டுக்கல் முன் உட்காரும் பெண்ணின் இடக்கை செய்த வேலை, அதாவது ஓரத்தில் ஏறும் மாவைத் திரும்பக் குழிக்குள் தள்ளிவிடும் வேலை, ஒரு சிறு தள்ளுபலகைக்குப் போனது. பலகை அசையவே தேவையில்லை. பாத்திரம் சுற்றுவதால் மாவே அதைத் தேடி வருகிறது. பல நூற்றாண்டு பழகிய ஓர் அசைவை இவ்வளவு சிக்கனமாக மாற்றி யோசித்ததை உயர்ந்த கைவினை என்றே சொல்ல வேண்டும். அதன் பின் வந்த டில்டிங் வகை இன்னொரு நுட்பத்தைச் சேர்த்தது. குழவியை எடுத்துவிட்டுப் பாத்திரத்தை அப்படியே முன்னால் சாய்த்தால் மாவு வழிந்து குண்டானில் விழும். எவர்சில்வர் விளிம்பின் வளைவு அந்த வழிதலுக்காகவே போடப்பட்டது. கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்கு 2005-06-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. காஞ்சிபுரம் பட்டுக்குக் கிடைத்த அதே வகை அங்கீகாரம் இது. பட்டை நாம் பெட்டியில் மடித்து வைக்கிறோம்.

கல்லைப் பற்றியும் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். மிக்ஸியின் கத்தி நிமிடத்துக்கு ஏறத்தாழ இருபதாயிரம் சுற்று சுற்றும். உளுந்தை வெட்டும், கூடவே சூடாக்கும். கிரைண்டரின் கல் மெதுவாகச் சுற்றி நசுக்கும். மோட்டார் 1,440 சுற்றுக்கு அருகில் ஓடினாலும், சிறிய புல்லியிலிருந்து பெரிய புல்லிக்குப் பெல்ட் போகும்போது வேகம் பல மடங்கு குறைந்து விசை கூடுகிறது. சூடு ஏறாமல் நசுங்கிய உளுந்தின் பிசின், காற்றைக் குமிழ் குமிழாகப் பிடித்து வைத்துக்கொள்ளும். மாவு பொங்கி வெண்ணெய்போல் திரள்வதும், இட்லி பஞ்சாக வருவதும் அந்தக் காற்றினால்தான். அரிசிக்கோ கொஞ்சம் நறநறப்பு வேண்டும். ஒரே கல்லில் இரண்டு பதமும் எடுக்கலாம். எடுப்பவரின் விரல் நுனிதான் அளவுகோல். கல் வழவழத்துப் போனால் கொத்துபவர் வந்து உளியால் புள்ளி புள்ளியாகக் கொத்துவார். பழைய கிரைண்டரின் உள்ளே கை வைத்துத் தடவினால், தேய்ந்த இடமும் கொத்து விழுந்த இடமும் தனித்தனியாகத் தெரியும். ஒரு குடும்பம் எத்தனை ஆண்டு அரைத்தது என்பது அங்கே பதிந்திருக்கிறது.

அம்மையார்குப்பத்தின் சமையலும் இக்கருவிகளைச் சோதித்துப் பார்த்த சமையல்தான். திருத்தணி வட்டாரம் 1960 ஏப்ரல் 1 அன்று ஆந்திரத்திலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்தது. எல்லைக்கோட்டை மாற்றி வரைந்தாலும் நாக்கு இரண்டு பக்கமும் பழகியதுதான். இட்லி மாவின் மென்மையும் வேண்டும், கோங்கூராத் தொக்கின் திப்பிதிப்பியும் வேண்டும், பருப்புப்பொடியும் வேண்டும். இந்த உலர்ந்த அரைப்புக்கும் கெட்டி அரைப்புக்கும் வந்ததுதான் மிக்ஸி. வெளிநாட்டு மிக்சர்கள் பழச்சாற்றுக்கும் கூழுக்கும் செய்யப்பட்டவை. கொப்பரையையும் மஞ்சளையும் போட்டால் மோட்டார் புகைந்துவிடும். மும்பையில் சீமென்ஸ் நிறுவனத்தில் பொறியாளராக இருந்த சத்ய பிரகாஷ் மாத்தூர், வீட்டிலிருந்த ஜெர்மன் மிக்சர் இப்படித்தான் எரிந்துபோனதும், நம் அரைப்பைத் தாங்கும் மோட்டாரைத் தானே வடிவமைத்தார். 1963-இல் தொடங்கிய அந்த முயற்சிதான் சுமீத். பின்னால் 1978-இல் சென்னையில் ப்ரீத்தி வந்தது. பழைய மிக்ஸியைக் கவிழ்த்துப் பாருங்கள். அடியில் ஒரு சிவப்புப் பொத்தான் இருக்கும்; சுமை மீறினால் அது வெளியே தள்ளி மின்சாரத்தைத் துண்டிக்கும், ஆறியதும் அழுத்தினால் மறுபடி ஓடும். ஜாரும் மோட்டாரும் சேரும் இடத்தில் இருக்கும் கப்ளர், விலை குறைந்த ஒரு சிறு பாகம். ஜார் சிக்கிக்கொண்டால் அது உடைந்து மோட்டாரைக் காக்கும். உடைய வேண்டிய இடம் எது என்பதை முன்கூட்டியே யோசித்து, அந்த இடத்தில் மலிவான பாகத்தை வைத்த புத்தியை நான் வியக்கிறேன்.

இங்கேதான் இந்தத் தலைமுறைச் சாதனங்களின் உண்மையான அழகு இருக்கிறது. அவை கெட்டுப்போகும் என்பதை ஒப்புக்கொண்டு செய்யப்பட்டவை. நான்கு திருகாணிகளைக் கழற்றினால் உள்ளே எல்லாம் தெரியும்: பெல்ட் தளர்ந்திருக்கிறதா, பேரிங் முனகுகிறதா, கண்டன்சர் போய்விட்டதா, கார்பன் தேய்ந்ததா. விசைத்தறி ஓடும் ஊருக்கு இது அந்நியமான வித்தையே இல்லை. தறியின் மோட்டார் பெரும்பாலும் மூன்று பேஸில் ஓடும், கிரைண்டருடையது ஒற்றை பேஸ். என்றாலும் செம்புக் கம்பியை எண்ணிச் சுற்றிக் காயில் கட்டும் கை ஒன்றுதான், பெல்ட்டின் இழுவையை விரலால் அமுக்கிப் பார்க்கும் பழக்கமும் ஒன்றுதான். இன்று விற்கும் பல சாதனங்களில் உறை பசையால் ஒட்டப்பட்டிருக்கிறது, சுற்றுப்பலகை போனால் மொத்தமும் போனது. அவற்றுக்கு வல்லுநர் வேண்டாம், மாற்றுப் பொருள்தான் வேண்டும். பழைய கிரைண்டரை வைத்துக்கொள்ளும் வீடு, கல் கொத்துபவரையும் காயில் கட்டுபவரையும் அந்த ஊரில் வைத்துக்கொள்கிறது.

இதற்கு எழும் ஆட்சேபணைகள் லேசானவை அல்ல. பழமைப் பற்று பெண்களின் முதுகில் ஏறி உட்காரும் பற்று என்பது முதல் ஆட்சேபணை. அம்மியையும் ஆட்டுக்கல்லையும் பற்றியானால் அது முழு உண்மை. விடியுமுன் எழுந்து மணிக்கணக்கில் ஆட்டிய உழைப்பை யாரும் திரும்பக் கேட்கக் கூடாது. ஆனால் கிரைண்டர் அந்த உழைப்பிலிருந்து விடுவித்த கருவி. வாசலில் ஆட்டுக்கல்லை அலங்காரமாக வைத்துவிட்டு, ஆட்டுக்கல்லிலிருந்து பெண்களை மீட்ட கருவியை எடைக்குப் போடுவதுதான் முரண். அதே காரணத்தால் எல்லாப் பழஞ்சாதனத்துக்கும் நான் வக்காலத்து வாங்கவில்லை. பித்தளைத் தொட்டி வைத்த பம்ப் ஸ்டவ் பார்க்க எவ்வளவு அழகானாலும் அலமாரியில்தான் இருக்க வேண்டும். அழுத்தம் ஏறிய மண்ணெண்ணெயும் அடைத்த பர்னரும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதைத் தமிழ்நாட்டுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்தது இடமும் மின்சாரமும். தமிழக அரசின் விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறித் திட்டத்தை 2011 செப்டம்பர் 15 அன்று ஜெயலலிதா தொடங்கி வைத்தபின் மேசைக் கிரைண்டர் வீட்டுக்கு வீடு வந்துவிட்டது. பெரியது எதற்கு என்று கேட்பார்கள். நான்கு பேருக்கு அன்றாடம் அரைக்கச் சின்னது போதும், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி மலைக்குக் காவடி எடுக்க உறவெல்லாம் வந்து இறங்கும் நாளில், வளைகாப்பு வைக்கும் நாளில், சின்னதை நான்கு முறை ஓட்ட வேண்டும். மின்சாரக் கணக்கையும் போட்டுப் பார்க்கலாம். அரை குதிரைத்திறன் மோட்டார் சுமார் 600 வாட் இழுக்கும் என்று தாராளமாகவே வைத்துக்கொண்டால் நாற்பது நிமிடத்துக்கு 0.4 யூனிட், 150 வாட் மேசைக் கிரைண்டருக்கு 0.1 யூனிட். வாரம் இரண்டு முறை அரைத்தால் மாதத்துக்கு இரண்டு மூன்று யூனிட்தான் வித்தியாசம். அதற்குள் பெரியதில் அரைபடும் மாவும் பல மடங்கு. பாதுகாப்பு பற்றிய கேள்விதான் இவற்றில் நியாயமானது. பழைய ஒயரின் மேலுறை நொறுங்கியிருக்கும், எர்த் இல்லாமல் இரண்டு பின் பிளக் மாட்டியிருப்பார்கள், ஈரக் கையோடு எவர்சில்வரைத் தொட்டால் ஆபத்து. வீடு புதுப்பிக்கும் நேரம்தான் இதற்குத் தீர்வு காணும் நேரம்: புது மூன்று பின் ஒயர், சரியான எர்த், கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி, தனி 15 ஆம்பியர் பாயிண்ட். ஒயர்மேன் எப்படியும் சுவரை உடைத்துக்கொண்டுதான் இருக்கிறார்.

பழம்பொருளைக் காக்க அருங்காட்சியகம் இருக்கிறதே என்றும் சொல்லலாம். அகமதாபாத் விஷாலாவில் பாத்திரங்களுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் 1981 முதல் இருக்கிறது. முட்டுக்காட்டில் 1996-இல் திறந்த தட்சிணசித்ராவில் காஞ்சிபுரம் நெசவாளர் வீடே இருக்கிறது. இரண்டும் அரிய பணிகள். ஆனால் ஓடாத கிரைண்டரைக் கண்ணாடிக்குப் பின்னால் வைத்தால் அதன் அழகில் பாதி போய்விடும். சுற்றும் கல்லின் சீரான உறுமல், உளுந்து உடையும்போது அது கனமாகி, மாவு திரண்டதும் மெத்தென்று தணிவது, அந்தச் சத்த மாற்றத்தைக் கேட்டே கூடத்திலிருந்து எழுந்துவந்து தண்ணீர் தெளிக்கும் காது: இவையெல்லாம் ஓடும் வீட்டில்தான் உண்டு.

காயலான் கடையில் கிரைண்டர் எப்படிப் பிரிகிறது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். எவர்சில்வர் ஒரு குவியல், இரும்பு ஒரு குவியல், மோட்டாரைப் பிளந்து எடுக்கும் செம்பு ஒரு குவியல். கல்லுக்கு எடை போடுவதில்லை. அம்மையார்குப்பத்திலும் மற்ற ஊர்களிலும் இந்த ஆண்டு வீட்டைப் புதுப்பிக்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். மேஸ்திரி அடுப்படி மேடைக்கு அளவெடுக்க வரும் நாளில், டேப்பை இன்னொரு முறை இழுத்து அந்தக் கிரைண்டரின் அகலத்தையும் உயரத்தையும், சாய்க்க முன்னால் வேண்டிய இடத்தையும் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.