நாலு செல்லோவும் ஒரு நாயகனும்

வயலினுக்குப் பெரியப்பா மாதிரி ஒரு வாத்தியம். நாற்காலியில் உட்கார்ந்து முழங்காலுக்கு நடுவே நிறுத்தி வாசிப்பார்களே, அதுதான் செல்லோ. வயலின் சுசீலா என்றால் செல்லோ ஜேசுதாஸ்.

1972-ல் பெர்லின் பில்ஹார்மானிக்கின் பன்னிரண்டு செல்லோக்காரர்கள் தனிக் கோஷ்டி சேர்ந்தார்கள். சினிமா மெட்டுகளையும் விட்டுவைக்கவில்லை. இப்போது யூடியூபைத் திறந்தால் மூணு செல்லோ, நாலு செல்லோ, மெழுகுவர்த்தி வெளிச்சம், நமக்குத் தெரிந்த பாட்டு. கேட்கச் சுகம்தான். ஆனால் பெரும்பாலும் என்ன நடக்கிறது தெரியுமா? ஒருத்தர் மெட்டை வாசிக்கிறார். மற்றவர்கள் சாமி ஊர்வலத்தில் குடை பிடிக்கிற மாதிரி நீளமாக இழுத்துக்கொண்டு நிற்கிறார்கள்.

‘நாயகன்’ (1987) படத்தின் தென்பாண்டிச் சீமை மெட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். இளையராஜா ஒரு தடவை, கமல் ஒரு தடவை பாடியிருக்கிறார்கள். படம் முழுக்க அது திரும்பத் திரும்ப வரும். தாழ்ந்த குரல், நிதானமான நடை. செல்லோவுக்கென்றே பிறந்த மெட்டு என்று தோணும். வம்பே அங்கேதான். நாலு வாத்தியத்துக்கும் ஒரே குரல், ஒரே வீச்சு. நாலையும் கீழ்க் கம்பிகளில் நெருக்கி வைத்தால் ஸ்வரங்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி, குழம்பும் ரசமும் கலந்த இலை மாதிரி ஆகிவிடும்.

எங்கள் மண்ணரைப் பக்கம் எந்த கட்டிங் மாஸ்டரையாவது கேட்டுப் பாருங்கள். லார்ஜ் சைஸ் பனியனின் ஓரத்தை நறுக்கினால் ஸ்மால் ஆகாதுங்க, கழுத்து, கை எல்லாம் புதுசா அளவு போட்டுத்தான் வெட்டணும் என்பார். மெட்டுக்கும் அதே கதைதான். பி.காம். படித்த எனக்கே புரிகிறது.

வழி வாத்தியத்திலேயே இருக்கிறது. செல்லோவின் கடைசி இரண்டு கம்பிகள் சி, ஜி. ஒரு கட்டை சுருதி வைத்தால் அதுவே ஸட்ஜமும் பஞ்சமமும்! ஒருத்தர் அதை மட்டும் மெல்ல இழுத்தால் தம்பூரா வந்தாச்சு. இன்னொருத்தர் வில்லைக் கீழே வைத்துவிட்டு விரலால் மீட்டட்டும். மூணாவது ஆள் பாட்டு மூச்சு வாங்கும் இடத்தில் மட்டும் பதில் சொன்னால் போதும். மெட்டு? அது மேல் கம்பியில், தனியாக.

அப்புறம் அந்தக் குழைவு. கிதாரில் இருக்கிற குறுக்குக் கம்பிகள் செல்லோவில் கிடையாது, விரல் வழுக்கிப் போகலாம். ஆனால் நொட்டேஷன் தாளில் எழுதியதை மட்டும் வாசித்தால் நாட்டுப்புற ஒப்பாரிச் சாயல் காணாமல் போய், சர்ச் கீதம் மாதிரி ஒன்று மிஞ்சும். வி.எஸ். நரசிம்மனின் மெட்ராஸ் ஸ்ட்ரிங் குவார்டெட்டைக் கேளுங்கள். கீர்த்தனையின் கமகத்தில் கை வைக்காமல், வி.ஆர். சேகரின் செல்லோ உட்பட மற்ற மூன்று பேரும் அதைச் சுற்றித்தான் நடப்பார்கள்.

இதெல்லாம் சரியாக அமைந்தும் ஒரு இடத்தில் கோட்டை விடுகிறார்கள். கடைசியில் நாலு பேரும் சேர்ந்து உச்ச ஸ்தாயியில் ஒரு பெரிய முழக்கம், கைதட்டலுக்காக. வேலு நாயக்கர் கதைக்கு முழக்கம் எதற்கு? மூணு பேர் நிறுத்திவிட்டு, ஒருத்தர் மட்டும் பாதிச் சத்தத்தில் வாசித்து முடிக்கட்டுமே.