மேற்கோள் எண்ணிக்கையும் ஆய்விதழ்ச் சந்தாவும்: ஒரு திறனாய்வு

ஆய்வு நூலகம் எந்த ஆய்விதழ்களுக்குச் சந்தா செலுத்த வேண்டும் என்னும் வினாவுக்கு, அறிவியலாளர் எவற்றை மேற்கோள் காட்டுகின்றனர் என எண்ணிப் பார்த்தே விடை காணலாம் என்பது நெடுங்காலமாக நிலவிவரும் கருத்தாகும். இதற்கு வழிகோலியது, கலிபோர்னியாவிலுள்ள பொமோனா கல்லூரியைச் சார்ந்த பி. எல். கே. கிராஸ், ஈ. எம். கிராஸ் ஆகிய இருவரும் 1927இல் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்ட கட்டுரை. அமெரிக்க வேதியியல் கழக இதழின் 1926ஆம் ஆண்டுத் தொகுதியில் காணப்பெற்ற 3,633 மேற்கோள்களை எண்ணிய அவர்கள், அவை 247 இதழ்களுக்கு உரியன எனக் கண்டனர். கல்லூரி நூலகம் வாங்க வேண்டியவற்றை அவ்வடிப்படையில் வரிசைப்படுத்தினர்.

இம்முறையின் சிறப்பை மறுத்தற்கில்லை. பேராசிரியர்தம் விருப்பமும் நூலகரின் ஊகமும் ஆட்சி செய்த இடத்தில் அது சான்றினை அமர்த்தியது. ஆயின் அச்சான்று எதனைச் சுட்டுகிறது என்பதே ஆராயத்தக்கது. எண்ணுதற்குக் கொண்ட இதழ் ஒன்றே. அதுவும் ஒரே நாட்டினது. 1944இல் எஸ்டெல் பிராட்மன் உடலியங்கியல் இதழ்களை இம்முறையில் வரிசைப்படுத்தி, கொலம்பியாப் பல்கலைக்கழக ஆசிரியர்தம் மதிப்பீட்டோடு ஒப்பிட்டபோது, இரண்டும் நன்கு பொருந்தவில்லை. மிகுதியாக மேற்கோள் பெறுவது மிகுதியும் பயன்படுவது என்னும் எடுகோள் இதனால் ஐயத்துக்கு உள்ளாயிற்று.

இதனினும் அடிப்படையான குறை ஒன்று உண்டு. ஆய்வாளர் தம் கைக்கு எட்டியதையே படிக்கிறார். தாம் அறிந்த மொழியில் உள்ளதையே மேற்கோள் காட்டுகிறார். எனவே மேற்கோள் பட்டியல் தேவையை மட்டும் காட்டுவதன்று; முன்னர்ச் செலுத்திய சந்தாவின் நிழலும் அதில் படிந்துள்ளது. நூலகம் நிறுத்திய இதழ் மேற்கோளில் குறையும். அக்குறைவே, நிறுத்தியது சரி என்பதற்குச் சான்றாகிவிடும். இது வட்டமான வாதம்.

மொழியின் பங்கு இங்குத் தெளிவாகப் புலப்படுகிறது. கிராஸ் பட்டியலில் ஜெர்மானிய இதழ்கள் பெற்ற இடம், வேதியியல் மாணவர் ஜெர்மன் கற்க வேண்டும் என்னும் பரிந்துரைக்கு இட்டுச்சென்றது. அன்று எண்ணிக்கை பிறமொழிக் கல்வியை வலியுறுத்தியது. இன்று ஆங்கிலமே போதும் என்பதற்கும் எண்ணிக்கையையே காட்டுகின்றனர். இவ்விரண்டுக்கும் இடையே மொழிபெயர்ப்பு என்னும் வழியும் உண்டு. சோவியத்தின் இயற்பியல் ஆய்விதழ் ஒன்றை அமெரிக்க இயற்பியல் நிறுவனம் 1955 முதல் முழுமையாக ஆங்கிலத்தில் பெயர்த்து வெளியிட்டது. உருசிய மொழி அறியாதாரும் அவ்வாய்வுகளைப் படித்து மேற்கோள் காட்டுதற்கு அது வாயில் திறந்தது. மேற்கோள் எண்ணிக்கையை மட்டும் நம்பியிருப்பின் அம்முயற்சிக்கே இடமிருந்திராது.

மொழியியலுக்கு இவ்வளவுகோல் மேலும் பொருந்தாது. 1856இல் வெளிவந்த கால்டுவெல்லின் ஒப்பிலக்கணமும், 1961இல் வெளிவந்த பரோ, எமனோ ஆகியோரின் திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியும் நூல்கள், ஆய்விதழ்கள் அல்ல. அண்மைய இதழ்க் கட்டுரைகளை மட்டும் எண்ணும் கணக்கில் இவற்றுக்கு உரிய இடம் கிட்டாது. தமிழ்க் கட்டுரை ஒன்று மற்றொரு தமிழ்க் கட்டுரையை எடுத்தாளும்போது, பன்னாட்டு மேற்கோள் அடைவுகளில் அது பெரும்பாலும் பதிவாவதே இல்லை.

இந்தியாவில் இச்சிக்கல் இன்று புதுவடிவம் பெற்றுள்ளது. 2024 நவம்பரில் நடுவண் அரசு ஒப்புதல் அளித்த 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம், மூன்று ஆண்டுகளுக்கு ரூ. 6,000 கோடியில், 30 பன்னாட்டுப் பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்களை 6,300க்கு மேற்பட்ட அரசு நிறுவனங்களுக்கு வழங்க வகைசெய்தது. சிறு கல்லூரியும் பயன்பெறுவது போற்றத்தக்கதே. எனினும் இங்கு இதழ்கள் தனித்தனியே தேரப்பெறவில்லை. பதிப்பக வாரியான தொகுப்பாகவே வருகின்றன. எளிதில் கிட்டும் அவ்விதழ்கள் மேற்கோளில் பெருகுவது இயல்பு. அப்பெருக்கத்தையே திட்டத்தின் வெற்றிக்கு அளவாகக் கொள்வது முன்னைய வட்டத்துக்கே மீள்வதாகும்.

ஆதலின் மேற்கோள் எண்ணிக்கையைத் தள்ள வேண்டியதில்லை. பல சான்றுகளுள் ஒன்றாகக் கொள்வதே தகும். வாசகர் கேட்டும் கிடைக்காத இதழ்கள், பிற நூலகங்களிலிருந்து வருவித்த படிகள், இந்திய மொழி இதழ்களின் பயன்பாடு ஆகியவற்றையும் நூலகங்கள் பதிவு செய்தல் வேண்டும். எண்ணப்படாதது வேண்டப்படாதது அன்று.