கணினியிற் கண்ட மென்சடப்பொருள்

குருநகர்க் கரையிலே உலரும் நைலோன் வலையின் இழை, சிறு கூறுகள் நீண்ட கோவையாய் இணைந்த பல்பகுதியமாகும். அவ்வலையில் அகப்படும் கடற்சொறியோ பெரும்பாலும் நீரேயாயினும் உருக்கொண்டு நிற்கும் இழுது. இத்தகையனவற்றை மென்சடப்பொருள் எனலாம்; ‘மென்பொருள்’ என்னும் பெயரைக் கணினிக் கட்டளைகள் முன்னரே கவர்ந்துகொண்டன. இவற்றின் மூலக்கூறுகள் அசையும் வகையைக் கண்ணாற் காண்டல் அரிதாகலின், அறிஞர் கணினியிலே போலச்செய்து ஆராய்கின்றனர். அவ்வாராய்ச்சியிற் பிறக்கும் எண்களைப் பேணிப் பிறர்க்கு வழங்கும் முறையே ஈண்டு நோக்கற்பாலது.

ஐதராபாத்திற் பிறந்த அனீசூர் றகுமான் 1964இல் வெளியிட்ட கட்டுரை இதற்கு நல்ல உரைகல். திரவநிலையிலுள்ள 864 ஆகன் அணுக்களின் இயக்கத்தை அவர் கணித்தார். வெப்பநிலை, அடர்த்தி, அணுக்களிடை விசையின் மாறிலிகள் யாவும் அச்சிலே உள. இன்று கல்லூரி மாணவன் ஒருவனும் அக்கணிப்பை மீளச் செய்து ஒப்புநோக்கலாம்.

கணினிகள் வலுப்பெற்றமையோடு இத்தெளிவும் வளர்ந்ததெனக் கூறுதற்கில்லை. மிகக் குளிர்ந்த நீருக்குத் திரவநிலை ஒன்றோ இரண்டோ என்னும் வினாவில், 2011 முதல் அமெரிக்காவின் பெர்க்லி, பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தார் மாறுபட்டு நின்றனர். இரு சாராரும் எடுத்துக்கொண்ட நீர் மாதிரி ஒன்றே; முடிபுகளோ எதிரெதிர். கணிப்புக் கட்டளைகள் எதிர்த்தரப்பின் கைக்கு எட்டப் பல்லாண்டுகள் சென்றன. எட்டியபின், மூலக்கூறுகளுக்குத் தொடக்க வேகம் வழங்கிய முறையிலே பெர்க்லியார் பிழைத்தமை 2018இல் வெளியாயிற்று. ஒரு சில வரிகளைக் காட்டாமையால் ஏழாண்டுகள் கழிந்தமை சிறிய இழப்பன்று.

ஆராய்ச்சித் தரவுகள் தேடற்கும், அணுகற்கும், பிறவற்றோடு இணைதற்கும், மீளப் பயன்படுதற்கும் உரியனவாதல் வேண்டுமென 2016இல் வகுத்த நெறிகள் நல்லனவே. ஆயின், செவ்வனே அடுக்கி வைத்த பிழையும் பிழையே. நீர் பற்றிய பூசலில் விளைவெண்களை எத்துணை ஒழுங்காகப் பேணியிருப்பினும், அவற்றை ஈன்ற கட்டளைகளைக் காணாது பிழையின் இடத்தை அறிதல் அரிது. எனவே அவ்வெண்களினும் அவற்றின் பிறப்பு வரலாறே முதற்கண் காக்கப்படற்பாலது.

கணிப்பை மீளச் செய்யலாமே, காப்பெதற்கு என்பாரும் உளர். தொடக்கநிலையும் கட்டளைகளும் எஞ்சினாலன்றோ மீளச் செய்தல் கூடும்? யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981இல் எரிந்தபோது வேறு பிரதியில்லாச் சுவடிகளும் அதனோடு அழிந்தன. அவற்றைப் படியெடுத்துப் பல்லிடங்களில் வைத்தல் அந்நாளிற் பெரும் பணி. ஒரு போலச்செய்கையின் கட்டளைகளை அங்ஙனம் வைத்தற்கு இன்று ஒரு நாழிகையும் வேண்டா.