கைமாறி வந்த இசை: இத்தாலியின் புரோகிரசிவ் ராக்கும் அதன் ரசிகர்களும்

1973இல் ரிகோர்டி நிறுவனம் 'சரதுஸ்திரா' என்றொரு இசைத்தட்டை வெளியிட்டது. லிகூரியக் கடற்கரைப் பகுதியைச் சேர்ந்த முசேயோ ரோசன்பாக் குழுவின் முதல் தட்டு. கறுப்பு உறையில், பல படத்துண்டுகளை ஒட்டிச் செய்த ஒரு முகம். அந்தத் துண்டுகளில் ஒன்று முசோலினியின் சிலைத் தலை. நீட்சேயின் நூற்பெயரும் முசோலினியின் தலையும் ஒரே உறையில் வந்தது, இடதுசாரிக் காற்று பலமாக வீசிய அன்றைய இத்தாலியில் வம்பாகிவிட்டது. பாசிச முத்திரை விழுந்தது, அரசு வானொலி ஒதுக்கியது, தட்டு விற்கவில்லை, குழு கலைந்தது. இன்று, ராக்கோடு செவ்வியல் இசையின் நெடிய வடிவங்களைச் சேர்க்கும் இத்தாலிய புரோகிரசிவ் ராக்கின் சிகரங்களைப் பட்டியலிடும் எவரும் 'சரதுஸ்திரா'வை விட்டுவிட முடியாது. முதல் பக்கம் முழுவதும் ஓடும் அந்த நெடிய தொகுப்பு, நாடாவில் பதிந்த ஒலிகளை விசைப்பலகையால் எழுப்பும் மெலோட்ரான் வாத்தியத்தின் கனத்த நாதத்தோடு எழுந்து எழுந்து போவதைக் கேட்டவர்கள் அதை மறப்பதில்லை.

விற்காத தட்டு எப்படிச் சிகரமானது? வெளியிட்ட நிறுவனமோ அன்றைய விமர்சகர்களோ அதைத் தூக்கி நிறுத்தவில்லை. கேட்டவர்கள் இன்னொருவரிடம் கொடுத்தார்கள். அவர் மற்றொருவரிடம் கொடுத்தார். இந்த இசை வகையின் வரலாற்றில் பாதி, ரசிகர்களின் கை வழியாக நடந்த வரலாறு. அந்தப் பாதியையும் சேர்த்துப் பார்த்தால்தான் இந்தத் தட்டுகளின் மதிப்பு விளங்கும் என்பது என் எண்ணம்.

ஆரம்பமே அப்படித்தான். 1970களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் சில புரோகிரசிவ் குழுக்களுக்குச் சொந்த நாட்டைவிட இத்தாலியில் வரவேற்பு அதிகம் இருந்தது. வான் டெர் கிராஃப் ஜெனரேட்டர் குழுவின் 'பான் ஹார்ட்ஸ்' 1972இல் இத்தாலிய விற்பனைப் பட்டியலில் முதலிடத்துக்கு வந்தது; இங்கிலாந்தில் அதற்கு அந்த மரியாதை கிடைக்கவில்லை. ஜெனிசிஸ் குழு 1972இல் இத்தாலிக்குப் போனபோது அரங்குகள் நிரம்பின. ஓபராவிலும் தேவாலய ஆர்கனிலும் ஊறிய செவிகளுக்கு இருபது நிமிடப் பாடல் ஒரு சுமையாகத் தெரியவில்லை. கன்சர்வேட்டரியில் பியானோ படித்த பிள்ளைகளுக்கு, தாம் படித்ததைக் கைவிடாமலே ராக் வாசிக்கலாம் என்ற கதவு திறந்தது. 'சாவ் 2001' வார இதழும், 'பெர் வோய் ஜோவானி' என்ற வானொலி நிகழ்ச்சியும் ஊர் ஊராகச் செய்தியைக் கொண்டுபோயின. 1971 மே மாதம் வியாரெஜ்ஜோ நகரில் நடந்த விழாவில் புதிய குழுக்கள் மேடை ஏறின. அடுத்த மூன்றாண்டுகளில் வெளியான தட்டுகளின் பெருக்கத்துக்கு ஐரோப்பாவில் இங்கிலாந்தைத் தவிர இணை சொல்வது கடினம்.

மிலானின் பிரெமியாட்டா ஃபோர்னெரியா மார்க்கோனி குழுவை எல்லோரும் பி.எஃப்.எம். என்றே சொல்வார்கள். ஒரு ரொட்டிக்கடையின் பெயரிலிருந்து வந்தது அந்த நீண்ட பெயர். பிறருக்குப் பின்னணி வாசித்துப் பழகிய கைதேர்ந்த ஸ்டூடியோக் கலைஞர்கள் இவர்கள். 'ஸ்தோரியா தி உன் மினூதோ' (1972) தட்டில் உள்ள 'இம்ப்ரெஸ்ஸியோனி தி செத்தெம்பரே' பாடலைக் கவனித்துக் கேளுங்கள். பனி படர்ந்த வயல்வெளியில் காலையில் தனியே நடப்பவனின் உணர்வைக் குரல் தணிந்து சொல்லிக்கொண்டே போகும். பல்லவி வர வேண்டிய இடம் வந்ததும் குரல் நின்றுவிடும். அந்த இடத்தை மூக் சிந்தசைசர் எடுத்துக்கொள்ளும். சொற்கள் இல்லாத ஒரு பல்லவி. வெகுசன வானொலிக்கு வந்த பாட்டில், கூட்டம் சேர்ந்து பாட வேண்டிய இடத்தைக் கருவியிடம் விட்ட துணிச்சல் அது. இத்தாலியில் இன்றும் அந்த மெட்டை முணுமுணுக்காதவர் குறைவு.

ரோமின் பாங்கோ தெல் மூத்துவோ சொக்கோர்சோ வேறு ரகம். பெயருக்குப் பொருள் பரஸ்பர உதவி வங்கி. 1972இல் வந்த முதல் தட்டின் உறையையே சுடுமண் உண்டியல் வடிவத்தில் வெட்டியிருந்தார்கள். காசு போடும் துளையிலிருந்து குழுவினரின் படங்கள் அச்சிட்ட ஒரு தாளை உருவி எடுக்கலாம். கிழியாமல் மிஞ்சிய முதல் பதிப்பைச் சேகரிப்பாளர்கள் பொக்கிஷமாக வைத்திருப்பதற்கு அந்தத் தாளும் ஒரு காரணம். ஆனால் என்னைக் கட்டிப்போட்டது அதே ஆண்டு வந்த இரண்டாம் தட்டு 'டார்வின்!'. பரிணாமத்தைப் பற்றிய முழுத் தட்டு. அதில் 'ஏழரை லட்சம் ஆண்டுகளுக்கு முன்... காதலா?' என்று பொருள்படும் பாடல் ஒன்று இருக்கிறது. மனிதனாகிவரும் ஒரு வாலில்லாக் குரங்கு ஒரு பெண்ணைக் கண்டு ஆசைப்படுகிறது. தன் உருவம் அதற்குத் தடையாக நிற்கிறது. தாடியும் பெருத்த உடலுமாக இருந்த ஃபிரான்செஸ்கோ தி ஜாக்கோமோ அதைப் பாடுகிறார். ஓபரா மேடைக்கு உரிய குரல். பியானோ கீழே மெல்ல நகர, தன் அவலட்சணத்தை அறிந்த உயிரின் வேதனையை எந்த அலறலும் இல்லாமல் அவர் கொண்டுவருகிறார். ஃபெலினியின் படங்களில் சிறு வேடங்களில் வந்தவர் அவர். 2014இல் சாலை விபத்தில் இறந்தார். அந்தக் குரலுக்கு ஈடாக இந்த வகை இசையில் இன்னொன்றை என்னால் சொல்ல முடியவில்லை.

வெனிஸ் பக்கத்து லே ஓர்மே குழுவின் 'ஃபெலோனா ஏ சொரோனா' (1973) அரைமணிக்குச் சற்றுக் கூடுதலாக ஓடும். ஒளியில் திளைக்கும் ஒரு கோள், இருளில் கிடக்கும் இன்னொன்று. அவற்றின் விதி மாறுகிறது. மூன்று பேர் மட்டுமே வாசித்தது என்று நம்புவது கடினம். நேப்பிள்ஸ் நகரம் தனி உலகம். அங்கே ஒசான்னா குழுவினர் முகத்தில் சாயம் பூசி மேடையேறினார்கள். இல் பல்லெட்டோ தி புரோன்சோவின் 'ஈஸ்' (1972) இந்தத் துறையிலேயே மிகவும் இருண்ட தட்டு. ஜான்னி லெயோனேயின் ஆர்கன் கேட்பவரை ஓரிடத்தில் நிம்மதியாக உட்கார விடாது. செர்வெல்லோ குழுவின் 'மெலோஸ்' (1973) தட்டில் கிட்டார் வாசித்த கொர்ராதோ ருஸ்தீச்சி அப்போது பதின்வயதுப் பையன். ரோமின் செமீராமிஸ் குழுவில் பாடிய மிக்கேலே ஜர்ரில்லோவும் அப்படியே. பிற்காலத்தில் அவர் காதல் பாடல்களால் பெயர் பெற்றார்.

செவ்வியல் இசையோடு இணைந்த கிளைக்கு ஒரு பெயர் போதும்: அர்ஜென்டினாவில் பிறந்த இசையமைப்பாளர் லூயிஸ் பாகலோவ். நியூ ட்ரோல்ஸ் குழுவுக்கு 'கொன்செர்தோ குரோஸ்ஸோ' (1971), ஒசான்னாவோடு 'மிலானோ காலிப்ரோ 9' (1972), ரோவேஷோ தெல்லா மெதாலியாவோடு 'கொந்தாமினாசியோனே' (1973) என மூன்றிலும் அவர் கை உண்டு. முதலாவது இன்னும் இனிக்கிறது. மற்ற இரண்டில் வயலின் கூட்டமும் ராக் குழுவும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றனவே தவிர, கலக்கவில்லை.

ஆரெயா குழுவை இவர்களோடு ஒரே வரிசையில் வைப்பது பொருந்தாது. எகிப்தின் அலெக்சாந்திரியாவில் கிரேக்கப் பெற்றோருக்குப் பிறந்த டெமெட்ரியோ ஸ்ட்ராட்டோஸ்தான் அதன் குரல். முதல் தட்டின் (1973) முதல் பாடல் ஒரு பெண் அரபியில் பேசுவதோடு தொடங்கும். பிறகு பால்கன் நாட்டார் தாளத்தில் குழு பாயும். தட்டோடு அட்டையில் வெட்டிய துப்பாக்கி ஒன்றையும் வைத்துக் கொடுத்தார்கள். குரலால் என்னவெல்லாம் செய்யலாம் என்பதை ஆராய்ச்சியாகவே எடுத்துக்கொண்ட ஸ்ட்ராட்டோஸ் 1979 ஜூன் 13 அன்று நியூயார்க்கில் இறந்தார். வயது 34. அவருடைய சிகிச்சைக்குப் பணம் திரட்ட மிலானில் மறுநாள் ஏற்பாடாகியிருந்த கச்சேரி நிற்கவில்லை. அஞ்சலியாக நடந்தது.

அந்தக் கச்சேரி நடந்தபோது இந்த அலை ஓய்ந்திருந்தது. 1970களின் நடுவில், இசைக்குக் காசு கேட்பதே தவறு என்ற குரல் வலுத்து, கச்சேரி வாசல்களில் மோதலும் கண்ணீர்ப்புகையும் வாடிக்கையாயின. வெளிநாட்டுக் குழுக்கள் இத்தாலிக்கு வரவே தயங்கின. 1976இல் மிலானின் லாம்ப்ரோ பூங்காவில் நடந்த இளைஞர் விழா உணவுக்கடைச் சூறையாடலோடும் கசப்போடும் முடிந்தது. ரசனையும் திரும்பிவிட்டது. லோகாண்டா தெல்லே ஃபாட்டே குழுவின் 'மின்மினிகள் இனி காதலிப்பதில்லையோ' என்று பொருள்படும் அருமையான தட்டு 1977இல் வந்தபோது அதற்குக் காது கொடுக்க ஆள் இல்லை. நான்கு ஆண்டு முன்பே வந்திருந்தால் அதன் கதை வேறாக இருந்திருக்கும்.

இதன் பிறகுதான் ரசிகர்களின் காலம். வேடிக்கை என்னவென்றால், சொந்த நாடு மறந்ததை முதலில் ஆவலோடு தேடியவர்களில் ஜப்பானியர்கள் முக்கியமானவர்கள். கிங் ரெக்கார்ட்ஸ் நிறுவனம் ஐரோப்பிய ராக் வரிசையில் இத்தாலியத் தட்டுகளை அக்கறையோடு மறுபதிப்பு செய்தது. பின்னாளில் மூல உறையை அட்டையிலேயே சிறிதாக்கி, மடிப்புகூட மாறாமல் செய்த ஜப்பானியக் குறுந்தகடுகள் சேகரிப்பாளர்களிடையே தனி மதிப்புப் பெற்றன. பாங்கோ 1997இல் டோக்கியோவில் வாசித்தது. இத்தாலியில் இந்த மீட்பை மேற்கொண்டவர்களில் இசைக்கலைஞர்களும் இருந்தார்கள். செலெஸ்தே குழுவைத் தொடங்கிய சீரோ பெர்ரீனோ 1990களில் சான்ரேமோவில் மெல்லோ ரெக்கார்ட்ஸ் என்ற நிறுவனத்தை நடத்தி, கைவிடப்பட்ட ஒலிப்பதிவுகளைத் தேடி வெளியிட்டார். ஜெனோவாவின் பிளாக் விடோ ரெக்கார்ட்ஸ், மிலானின் பி.டி.எஃப். ஆகியவையும் அந்தப் பணியைத் தொடர்ந்தன. எந்தத் தட்டில் யார் வாசித்தார், எந்தப் பதிப்பின் உறை எப்படி இருந்தது என்பதையெல்லாம் ரசிகர்களே நூல்களாகத் தொகுத்தார்கள். பல்கலைக்கழகங்கள் செய்திருக்க வேண்டிய வேலை.

இந்தப் பரிமாற்றத்தில் ஒரு கோளாறும் புகுந்துகொண்டது. கிடைக்காத பொருளுக்கு விலை ஏறும். விலை ஏறியதை உயர்ந்தது என்று நம்பத் தொடங்குகிறோம். ஒரே தட்டோடு மறைந்த குழுக்கள் இத்தாலியில் ஏராளம். அவற்றில் சில உண்மையில் மகத்தானவை. பல, நல்ல பத்து நிமிடத்துக்கு மேல் எதுவும் இல்லாதவை. முதல் பதிப்பின் லேபிள் நிறத்தைப் பற்றிப் பேசுபவர்கள் பல சமயம் தட்டில் உள்ள பாட்டைப் பற்றிப் பேசுவதில்லை. 'சரதுஸ்திரா'வை அதன் அரிய தன்மைக்காகப் புகழ்வது, அதை உறைக்காகப் பழித்ததற்கு ஈடான அநீதி.

இன்னொரு பழைய வழக்கு, ஆங்கிலப் பதிப்புகள் பற்றியது. எமர்சன், லேக் அண்ட் பாமர் குழுவின் மான்டிகோர் நிறுவனம் பி.எஃப்.எம்.மை உலகுக்குக் கொண்டுபோனது. கிங் கிரிம்சன் குழுவுக்குப் பாட்டெழுதிய பீட்டர் சின்ஃபீல்ட், மூலத்தை மொழிபெயர்க்காமல் அதே மெட்டுகளுக்குப் புதிய ஆங்கில வரிகள் எழுதினார். அப்படி வந்தது 'ஃபோட்டோஸ் ஆஃப் கோஸ்ட்ஸ்' (1973). லே ஓர்மேவின் 'ஃபெலோனா ஏ சொரோனா'வுக்கு வான் டெர் கிராஃப் ஜெனரேட்டரின் பீட்டர் ஹாமில் ஆங்கில வரிகள் எழுதினார். அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் பலருக்கு இவையே வாசலாக இருந்தன. அந்த நன்றி இருக்கட்டும். ஆனால் இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் இழப்பு உடனே தெரிகிறது. இத்தாலியச் சொற்கள் உயிரெழுத்தில் முடிகின்றன; நீட்டுவதற்கு இடம் கிடைக்கிறது; மெட்டு அந்த நீட்டலை நம்பிக் கட்டப்பட்டது. 'ஃபோட்டோஸ் ஆஃப் கோஸ்ட்ஸ்' தட்டில் 'இல் பாங்கெத்தோ' பாடலை மட்டும் இத்தாலியத்திலேயே விட்டிருக்கிறார்கள். குரல் தன் வீட்டுக்கு வந்ததுபோல் அந்தப் பாட்டில் இளகுவதை யாரும் கேட்கலாம்.

புதிய தலைமுறை இந்தச் சொத்தை வெறுமனே பாதுகாக்கவில்லை. ஜெனோவாவின் ஃபாபியோ சூஃபாந்தி உருவாக்கிய லா மாஸ்கெரா தி செரா குழு, 2013இல் 'ஃபெலோனா ஏ சொரோனா'வின் கதையை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து ஒரு தட்டு செய்தது. 'சரதுஸ்திரா'வில் பாடிய ஸ்தெஃபானோ கலீஃபியைப் பல்லாண்டுகளுக்குப் பின் அழைத்துவந்து ஓர் இளம் குழு 2010இல் தட்டு வெளியிட்டது. அந்தக் குழுவின் பெயர் இல் தெம்பியோ தெல்லே கிளெஸ்ஸித்ரே. 'சரதுஸ்திரா' தொகுப்பின் கடைசிப் பகுதியின் தலைப்பு அது. ரசிகர்களாக வளர்ந்தவர்கள் தம் நாயகனுக்கு மேடை கட்டித் தந்தார்கள்.

நண்பருக்குக் கொடுக்க விரும்புகிறவர்களுக்கு என் வரிசையைச் சொல்லிவிடுகிறேன். முதலில் 'ஸ்தோரியா தி உன் மினூதோ'. பிடித்தால் 'ஃபெலோனா ஏ சொரோனா'. அளவில் சிறியது, கதை உள்ளது. மூன்றாவதாக 'டார்வின்!'. 'ஈஸ்', ஆரெயா இரண்டையும் அவசரப்பட்டு முன்னால் நீட்டாதீர்கள். அவற்றால் ஓடிப்போனவர்கள் பலர். ஒற்றைப் பாட்டாக அனுப்பாதீர்கள், ஒரு பக்கமாவது முழுதாகக் கேட்கச் சொல்லுங்கள். ஆங்கிலப் பதிப்பு வேண்டாம். வரிகளின் சாரத்தைத் தமிழில் அரைப்பக்கம் எழுதிக் கூடவே கொடுங்கள், குறிப்பாக அந்த வாலில்லாக் குரங்கின் பாடலுக்கு. மறுபதிப்புகள் இப்போது எளிதாகக் கிடைக்கின்றன. முதல் பதிப்புக்காகக் காத்திருக்கத் தேவையில்லை.